பார்லர்காரிக்கு ஓப்பனில் ஒரு சீட்

புருவம் திருத்துவது என்பது, வந்தவர் பேசிக்கொண்டே இருக்க, செய்கிறவள் வாயே திறக்க முடியாத தொழில். நூலின் ஒரு பக்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு பக்கத்தை விரல்களில் முறுக்கி, முடி முடியாக எடுக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு இரண்டு கைக்கும் வேலை உண்டு. ஒரு கை இமையை இழுத்துப் பிடிக்கும், இன்னொரு கை நெற்றியைப் பிடிக்கும். வாய் மட்டும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற வாய் என்ன செய்யும் என்று, துணிக்கடையிலோ ரிசப்ஷனிலோ சிரித்த முகத்தோடு நின்று சம்பளம் வாங்குகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பார்லர் ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், ராமச்சந்திராபுரத்தில் இருக்கிறது. பெரிய அரசுத் தொழிற்சாலையும் அதன் குவார்ட்டர்ஸும் உள்ள இடம். என் வீட்டுக்காரர் அந்தத் தொழிற்சாலையில் வெல்டர். பார்லர் மெர்சி அக்காவுடையது. நான் வேலைக்குச் சேர்ந்து இப்போது கூட்டாளி. சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்தில் தமிழில் படித்து, பி.ஏ.வை அஞ்சல் வழியில் முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். எல்.கே.ஜி. படிக்கிற என் மகள் இனியா, நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள்.

இந்த வருஷம் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சட்டக் கல்லூரியில் மூன்று வருஷப் படிப்புக்கு ஒரு சீட். அதுவும் காலையில் மட்டும் வகுப்பு நடக்கிற அந்த ஒரு கல்லூரியில்தான். மத்தியானத்துக்கு மேல் குழந்தை இருக்கிறாள், பார்லர் இருக்கிறது. இந்தத் தடவை கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். ஏன் சட்டம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு செய்கிற வேலையிலிருந்து, பேசிச் சம்பாதிக்கிற வேலைக்குப் போகலாமே என்றுதான்.

வாயில் நூல்

நான் நுழைவுத் தேர்வுக்குப் படித்த மாதங்கள், ஊரில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் காலேஜ் சீட் தேடுகிற மாதங்கள். பார்லரில் வேறு பேச்சே கிடையாது. ஷைலஜா மேடம் ஒரு தொழிற்சாலை அதிகாரியின் மனைவி, எங்கள் பழைய வாடிக்கையாளர். மகள் சாஹிதி இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு எழுதி, நினைத்த ரேங்க் வரவில்லை. மேடம் கண்ணை மூடிச் சாய்ந்தவுடன் தெலுங்கில் ஆரம்பித்தார். "பூங்கொடி, எங்க பாப்பா ரெண்டு வருஷமா டி.வி. பக்கம் போகல. சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே அவளைக் கூட்டிட்டுப் போகல நான். இப்ப அவளுக்குப் பின்னாடி ரேங்க் வாங்கினவங்க எல்லாம் கோட்டாவுல அவளுக்கு முன்னாடி உள்ள போறாங்க. சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு புஸ்தகத்துல போடறாங்களே, இதான் சமமா?"

நான் "ம்" என்றேன். வாயில் நூல் இருக்கும்போது அது ஒன்றுதான் வரும். சாஹிதியை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. முந்தின வாரம் முடி வெட்ட வந்தபோது அந்தப் பெண்ணுக்குக் கண் வீங்கியிருந்தது. ஆனால் மேடம் சொல்கிற அந்தக் கோட்டாக்காரர்களில் நானும் ஒருத்தி. விண்ணப்பத்தில் எஸ்.சி. என்றுதான் போட்டிருந்தேன். எனக்கும் பதில் இருந்தது. பதில் நுனிநாக்கில் இருந்தது, நூலும் அங்கேயேதான் இருந்தது. நடுவில் விட்டால் வில்லாக வரவேண்டிய புருவம் அறுந்துபோகும், அதோடு வாடிக்கையும் அறுந்துபோகும். வலது புருவம், இடது புருவம், மேலுதடு என்று முடித்து நூலை நான் எடுப்பதற்குள் மேடமும் பேசி முடித்திருந்தார்.

கண்ணாடியில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டிச் சொன்னார்: "உன்கிட்ட பேசினா மனசு லேசாயிடுதும்மா. வேற யாராயிருந்தாலும் எதிர்த்துப் பேசுவாங்க."

ஓரகத்திகளுக்கு ஒரே ப்ளீச்

பட்டான்செருவிலிருந்து இரண்டு ஓரகத்திகள் வந்தார்கள். கொழுந்தன் கல்யாணம். மாமியார் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி செய்யச் சொல்லி அனுப்பியிருந்தார். மூத்தவருக்கு வெயிலில் பழகின தோல், எதையும் தாங்கும். இளையவருக்குத் துப்பட்டா உரசினாலே சிவக்கிற தோல். காதுக்குப் பின்னால் துளி ப்ளீச் தடவிப் பார்த்தேன், அங்கேயே சிவந்தது. "உங்களுக்கு ப்ளீச் வேண்டாம், பழ ஃபேஷியல் போடறேன்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவளுக்கு என்னவோ அதேதான் எனக்கும். கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்றார். கொஞ்சமாகப் போட்டு, மூத்தவருக்கு முன்பே துடைத்தும்விட்டேன். அப்படியும் முகம் தக்காளியாகிவிட்டது.

மெர்சி அக்கா ஐஸ் கட்டி கொண்டுவர ஓடினார். நான் கற்றாழை தடவினேன். அந்த வாரம் முழுக்க என் நுழைவுத் தேர்வு கைடில் அரசியல் சாசனத்தின் பதினான்காவது பிரிவை இங்கிலீஷில் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் முன் சமம், சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. வெவ்வேறு நிலையில் இருப்பவர்களை ஒரே மாதிரி நடத்துவதும் சமமின்மைதான் என்று அதற்குக் கீழே எழுதியிருந்த வரி மட்டும் மண்டையில் ஏறவேயில்லை. ஐஸ் கட்டியை வைத்து அந்தக் கன்னத்தை ஒற்றியபோது ஏறிவிட்டது.

அரை மணி நேரத்தில் சிவப்பு அடங்கத் தொடங்கியதும் இளையவர் கண்ணாடியைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியைப் பார்த்தார், பிறகு மெதுவாக என்னைக் கூப்பிட்டார்: "பரவாயில்ல, விடுங்க. அவளுக்கும் கொஞ்சம் சிவக்க வச்சு அனுப்புங்க, அத்தை கேப்பாங்க."

கால் தண்ணீரில், கண் கைடில்

காயத்ரி மேடம் சென்னைக்காரர். ஐ.டி. வேலைக்கு வந்து தெல்லாப்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறார். சனிக்கிழமை பெடிக்யூருக்கு வந்தால், காலை வெந்நீர்த் தொட்டியில் வைத்துக்கொண்டு என் கைடைக் கையில் எடுத்துவிடுவார். இங்கிலீஷ் பத்திகளை அவர் சத்தமாக வாசிக்க, நான் குதிகாலைத் தேய்த்தபடி பதில் சொல்வேன். தப்பாகச் சொன்னால் கால் விரலை ஆட்டுவார். நான் பாஸ் செய்ததில் அந்தக் கால் விரலுக்குப் பங்கு உண்டு.

ஒரு நாள் அவராகவே சொன்னார். "பன்னெண்டாவதுல ஸ்கூல்லயே ரெண்டாவது நான். கவர்மென்ட் காலேஜ்ல கிடைக்கும்னு வீடே நம்புச்சு. கிடைக்கல. கூடப் படிச்சவ என்னைவிடக் கம்மி மார்க்குல அங்க போனா. அப்பா லோன் போட்டு என்னைத் தனியார்ல சேர்த்தார். இன்னிக்கு நான் நல்லாத்தான் இருக்கேன். ஆனா அந்தக் கோபம் போகல பூங்கொடி, பொய் சொல்ல மாட்டேன்." அவர் கோபம் பொய் இல்லை என்று எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, நான் எந்தப் பிரிவில் விண்ணப்பித்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

கைடை மூடி என்னிடம் நீட்டினார். "அப்ப உனக்கென்ன, உனக்குக் கதவு தொறந்தே இருக்கு."

லேமினேஷன்

தேர்வில் ரேங்க் நன்றாகவே வந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் ஊர்த் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழை, வாங்கின அன்றைக்கே அப்பா லேமினேட் பண்ணி வைத்திருந்தார். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அங்கே இருந்த அலுவலர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, இது அசல்தான், ஒரு குறையும் இல்ல. ஆனா தமிழ்நாட்டுச் சான்றிதழ் எங்க ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. வேலைக்கு வந்தாலும் சரி, கல்யாணமாகி வந்தாலும் சரி, வேற மாநிலத்துல இருந்து வந்தவங்களுக்கு இங்க கிடையாது." நான் விடவில்லை. "எங்க சாதி பேரு உங்க பட்டியல்லயும் இருக்கே சார்?" என்றேன். "இருக்கும்மா," என்றார், "பேரு இருக்கு. நீங்க இல்ல."

ஓப்பன் பிரிவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். டிகிரி மார்க் அதற்குப் போதுமானதாக இருந்தது, அதுவரைக்கும் பிழைத்தேன். வீட்டுக்காரருக்கு அரசுத் தொழிற்சாலையில் வேலை என்பதால்தான், வெளிமாநிலத்தில் படித்த நான் இங்கே விண்ணப்பிக்கவே முடிந்தது. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு மிச்சமிருப்பது கொஞ்சம் சீட்தான். அதில் எல்லாரோடும் ரேங்க்கை வைத்துப் போட்டி. காலையில் சேலை அகலத்துக்கு இருந்த என் வாய்ப்பு, மத்தியானத்துக்குள் கைக்குட்டையாகிவிட்டது.

பார்லருக்குத் திரும்பி மெர்சி அக்காவிடம் சொன்னேன். அக்கா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; அவர் தமிழில் பாதி அந்த ஊர்ச் சரக்குதான் இருக்கும். பூர்வீகத்தில் எங்கள் சாதிதான். அவர் தாத்தா கிறிஸ்தவரானார். கிறிஸ்தவரானால் எஸ்.சி. பட்டியலில் இடம் கிடையாது. எனக்கு டீயை நீட்டிவிட்டு, ஏன் என்பதற்கு அந்த ஊர் 'கைக்கு' போட்டுச் சொன்னார்: "கைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? எங்க தாத்தா சாமிய மாத்துனாரு, சலுகை போச்சு. நீ ஸ்டேட்ட மாத்துனே, உனக்கும் போச்சு. சாதி மட்டும் ரெண்டு பேர்கிட்டயும் பத்திரமா இருக்கு, பாத்தியா."

சங்கம்

அடுத்த சனிக்கிழமை காயத்ரி மேடம் வந்தார். கதவு திறந்தே இருக்கிறது என்று சொன்னவர் ஆயிற்றே, விஷயத்தைச் சொன்னேன். கால் தொட்டியில் இருந்தது, விரல் ஆடவில்லை. "இது என்ன நியாயம்?" என்றார். "ஊர்ல இருந்த வரைக்கும் உனக்கு இருந்த கஷ்டம் எல்லாம் ரயில்ல ஏறினதும் இறங்கிடுமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. என் பக்கம் பேச ஒரு ஆள் கிடைத்தது, அதுவும் அந்தப் பக்கத்திலிருந்து.

அவருக்கும் தான் சொன்னது தன் காதில் விழுந்திருக்க வேண்டும். தொட்டியில் காலை மாற்றி வைத்தார். பிறகு, "அப்ப நீ இப்ப சுத்தமா ஓப்பன்லயா நிக்கறே?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப கையைக் குடு. நாம ரெண்டு பேரும் ஒரே கோட்டா. மெர்சியையும் சேத்துக்கிட்டா சங்கம் ஆரம்பிச்சுடலாம்."

ரேங்க்கில் வந்தவள் மாதிரி

ஒரு நாள் ஒல்லியாக ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். பெண் பெயர் ரேணுகா. ஜஹீராபாத் பக்கம் ஒரு லம்பாடித் தாண்டா சொந்த ஊர். தாண்டா என்றால் அவர்கள் ஜனம் மட்டும் வசிக்கிற சின்னக் கிராமம். அப்பா பட்டான்செருவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ரேணுகாவுக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்திருந்தது, எஸ்.டி. ஒதுக்கீட்டில். அவள் பிறந்ததிலிருந்து புருவத்தில் கை வைத்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, ரேங்க்ல வந்த பொண்ணு மாதிரி பண்ணிவிடுங்க."

எனக்குப் புரியவில்லை. நூலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அவளுக்கு முன்பே சேர்ந்த சொந்தக்காரப் பையன் ஒருவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். மெடிக்கல் காலேஜில் முதல் நாள் யாரும் நேராகச் சாதியைக் கேட்க மாட்டார்களாம். ரேங்க் என்ன என்று கேட்பார்களாம். நம்பரைச் சொன்னதும் அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடுமாம். அதற்கப்புறம் யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்பது முடிவாகிவிடுமாம். "ரேங்க்ல வந்த பொண்ணுக்குப் புருவம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தெரியல. ஆனா பயப்படாத மாதிரி இருக்கும்" என்றாள். அப்படியே செய்தேன். கொஞ்சம் கனமாக விட்டு, நுனியை மட்டும் தூக்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனால் தலையை அசைக்கவில்லை. இவள் ஊசி போடுகிற கை ஆடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அதுவரை வாசல் பக்கம் செருப்பில்லாமல் நின்றிருந்தார். மகள் எழுந்ததும் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் புரியட்டும் என்று லம்பாடிப் பேச்சை விட்டுத் தெலுங்கிலேயே சொன்னார்: "எவனாவது ரேங்க் கேட்டா, எங்க தாண்டாவுக்கே நான்தான் ஃபர்ஸ்ட் ரேங்க்னு சொல்லு. பொய்யா அது?"

அது வேற

ஷைலஜா மேடம் ஒரு சாயங்காலம் சிரித்த முகமாக வந்தார். சாஹிதிக்கு இடம் கிடைத்துவிட்டது, நல்ல காலேஜ், கேட்ட பிரிவு. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்தப் பெண்ணின் வீங்கின கண் நினைவில் இருந்ததே. கவுன்சலிங்கில் எந்த ரவுண்டில் கிடைத்தது என்று கேட்டுவிட்டு நூலைக் கடித்தேன். மேடம் குரலைத் தாழ்த்தி, மேனேஜ்மென்ட் கோட்டா என்றார்.

என் வாயில் நூல். ஆனால் மெர்சி அக்கா வாயில் ஒன்றும் இல்லை. பக்கத்து நாற்காலியில் ஒருவர் தலைக்கு ஹென்னா போட்டுக்கொண்டிருந்தவர், திரும்பாமலே, "அதுவும் கோட்டாதானே மேடம்?" என்றார்.

மேடம் கண்ணைத் திறந்தார். "நீ சும்மா இரு மெர்சி. அது வேற. அதுக்கு நாங்க பணம் கட்டியிருக்கோம்."

ஒரு புருவம்

சீட் ஒதுக்கீடு வருகிற நாள் என்று தெரியும், எந்நேரம் என்று தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த இனியா சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் ஷைலஜா மேடத்துக்கு ஒரு புருவத்தை முடித்து, அடுத்ததில் பாதியில் இருந்தேன். பவுடர் டப்பா பக்கத்தில் இருந்த என் போன் கூவியது. மெர்சி அக்கா எடுத்தார். "ஹவ், ஆமா, ஏதோ வந்திருக்கு. கண்ணாடி இல்ல. எழுத்தெல்லாம் எறும்பு போற மாதிரி இருக்கு." எனக்கோ கையும் வாயும் நூலில். ஷைலஜா மேடம், "இங்க குடு" என்று போனை வாங்கி, எட்டப் பிடித்துக்கொண்டு வாசித்தார். என் பெயர். நான் கேட்ட காலேஜின் பெயர். காலை வகுப்பு. இடம் ஒதுக்கப்பட்டது. பிரிவு: ஓ.சி., அதாவது ஓப்பன்.

மெர்சி அக்கா பவுடர் டப்பாவைத் திறந்து அப்படியே என் தலையில் கவிழ்த்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு போட்டதில்லை. இனியா எதற்கென்று தெரியாமலே கைதட்டினாள். நான் வெள்ளை வெளேரென்று, பல்லில் நூலோடு, சிரிக்கவும் முடியாமல் நின்றேன். மேடம் மட்டும் இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓ.சி.யா? நீங்க எங்க மாதிரியா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே. தமிழ்ல நீங்க என்ன, பிராமின்ஸா?"

நூலை எடுத்தேன். "இல்ல மேடம், எஸ்.சி. என் சர்டிபிகேட் இந்த ஊர்ல செல்லாதுன்னுட்டாங்க. அதனால எல்லாரோடயும் சேர்ந்து ஓடினேன்." "ஓப்பன்ல அப்படி யாரு வேணாலும் வரலாமா?" என்று கேட்டார். "வரலாம் மேடம். அது யாருக்கும் எழுதி வச்சது இல்ல. எங்க ஆளுங்க, உங்க ஆளுங்க, ரேங்க் இருக்கிற யாருக்கும்." இரண்டு மாதமாக அந்த நாற்காலியில் சாய்ந்து தான் பேசியதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வருவது முகத்தில் தெரிந்தது. "அத்தனையும் கேட்டுக்கிட்டா இருந்தே?" என்றார். "வாயிலதானே மேடம் நூல், காதுல இல்லையே" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, அன்றைக்கு எனக்குக் கோபம் எங்கிருந்து வரும்? நூலை மறுபடி கடித்து, விரலில் முறுக்கி, அவர் மேல் குனிந்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னார்: "நான் பேசினது தப்புதான், ஒத்துக்கறேன். மீதிப் புருவத்தை மட்டும் கொஞ்சம் மெதுவா எடு, பூங்கொடி."

முதல் வாதம்

செய்தி கேட்டு காயத்ரி மேடம் ஸ்வீட் பெட்டியோடு வந்தார். அன்றைக்கு அவருக்குத் தோள் மசாஜ், அதனால் என் வாய்க்கு விடுமுறை. "பாத்தியா," என்றார், "கோட்டா இல்லாமயே ஜெயிச்சுட்டே. அப்ப அது எதுக்குன்னு இப்ப நான் கேக்கலாமா?" கேட்கலாம் என்றேன். கேட்டதற்குப் பதிலும் சொன்னேன்.

"எங்க ஊர்ல பத்தாவதுக்கு மேல ஸ்கூல் இல்ல மேடம். சங்கராபுரத்துல கவர்மென்ட்டோட ஆதிதிராவிடர் பொண்ணுங்க ஹாஸ்டல் இருந்துச்சு. சோறு போட்டாங்க, படுக்க இடம் குடுத்தாங்க, பன்னெண்டாவது முடிச்சேன். என்கூடப் பத்தாவது படிச்ச புஷ்பா என்னைவிட நல்லாப் படிப்பா. அவ அப்பா ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டாரு, அந்த வருஷமே கல்யாணம். நீங்க என்னைக் கடைசி ஓட்டத்துல பாக்கறீங்க. ஓட்டம் ஆரம்பிக்கிற கோட்டுல என்னைக் கொண்டுவந்து நிறுத்தினது அந்த ஹாஸ்டல். அதுவும் ஒதுக்கீடுதான். ரேணுகான்னு ஒரு பொண்ணு வந்தா, டாக்டருக்குப் படிக்கப் போறா. அவ வீட்டுல அவதான் முதல் தடவையா காலேஜ் வாசலை மிதிக்கறா. அவளை எனக்கு ஆன மாதிரி ஓப்பன்ல ஓடுன்னு விட்டிருந்தா, நான் புருவம் திருத்த அவ முகமே வந்திருக்காது. உங்க கோபமும் நியாயம்தான் மேடம். ஆனா நல்ல காலேஜ் கொஞ்சமா இருக்கறதுக்கு, உங்களுக்கு முன்னாடி உள்ள போன அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா? அவளும் உங்களை மாதிரி வெளியதானே நின்னுக்கிட்டிருந்தா, உங்களுக்கும் ரொம்ப முன்னாடி இருந்து."

பேச்சு முழுக்க என் கை நிற்கவில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு முடிச்சு இருந்தது. அதையும் சேர்த்து எடுத்துவிட்டேன். காயத்ரி மேடம் ஒத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஸ்வீட் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இப்படித் தோளைப் பிடிச்சுவிட்டுக்கிட்டே வாதாடினா, எந்த ஜட்ஜும் உனக்கு எதிரா எழுத மாட்டார்."

இப்படியாக, எனக்கென்று தனி இடம் கிடையாது என்று சொல்லி அனுப்பின சட்டத்தை, அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று வரிவரியாகப் படித்துப் பார்ப்பதற்கு எனக்கு மூன்று வருஷத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது.